பின்சந்திலிருந்து முன்வாசலுக்கு: அமெரிக்க கேரேஜ் கதவு கடந்து வந்த நூறு ஆண்டு

சிகாகோவின் பழைய குடியிருப்புத் தெருக்களில் நடந்து போகிறவர் கண்ணில் கேரேஜ் கதவு அநேகமாகப் படாது. செங்கல் முகப்பு, நாலைந்து படி, சின்னதாய் ஒரு தாழ்வாரம், வாசலில் ஒரு மரம், அதை ஒட்டி அடுத்த வீடு. கார்களெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சந்தில் ஒதுங்கியிருக்கும். ஏறத்தாழ 1,900 மைல் நீளத்துக்கு இப்படிப் பின்சந்துகள் உள்ள நகரம் அது. அமெரிக்காவில் வேறெந்த நகரத்திலும் இவ்வளவு கிடையாது. அங்கிருந்து காரில் வெளியே கிளம்பி, 1980-களில் எழுந்த ஏதாவது ஒரு புறநகர்த் தெருவில் நின்று பார்த்தால் காட்சி முற்றிலும் வேறு. வீட்டுக்கு வீடு முதலில் தெரிவது பதினாறடி அகலமுள்ள ஒரு கதவு. மனிதர்கள் நுழையும் வாசல் அதற்குப் பக்கத்தில், பல வீடுகளில் அதற்குப் பின்னால், நிழலில் ஒடுங்கிக் கிடக்கும்.

வீட்டின் பின்பக்கத்துக் கொட்டகைக் கதவு எப்படி வீட்டின் முகமானது? அமெரிக்காவில் வீடு விற்கிறவர்கள் சமையலறையைப் புதுப்பிப்பதற்கு முன்பே கேரேஜ் கதவை மாற்றிவிடும்படி அறிவுறுத்தப்படுவது ஏன்? இரண்டுக்கும் விடை அந்தக் கதவின் வரலாற்றில் இருக்கிறது.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் வந்தது. 1927-இல் அதன் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி கார்கள் தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருந்தன. அதற்கு முன்பு கார் பணக்காரர்களின் பொருள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே கோச் வண்டிக்கும் குதிரைக்கும் தனிக் கட்டடம் இருந்தது. குதிரை நின்ற இடத்தில் கார் நின்றது. மாடியில் வண்டிக்காரர் குடியிருந்த அறைக்கு டிரைவர் குடிவந்தார். ஆனால் குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் கார் வாங்கத் தொடங்கியதும் அதை நிறுத்த இடம் தேவைப்பட்டது. அக்காலத்து கார்கள் பெரும்பாலும் நிலையான கூரையில்லாதவை; மழையிலும் பனியிலும் வெளியே விட்டுவைக்க முடியாது. சியர்ஸ் நிறுவனம் வீடுகளையே பாகம் பாகமாகத் தபால் வழியே விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அதே வழியில் மரக் கேரேஜும் வந்து இறங்கியது. ரயிலில் வந்த பலகைகளை வாங்கியவரே ஆணியடித்து நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கொட்டகை வீட்டிலிருந்து தள்ளியே நின்றது. பெட்ரோலைக் கண்டு எல்லோருக்கும் பயம். விளக்கும் அடுப்பும் திறந்த தீயாக எரிந்த வீடுகளுக்குப் பக்கத்தில் பெட்ரோல் டாங்க் ஒன்றை நிறுத்த யாரும் விரும்பவில்லை. காப்பீட்டுக்காரர்களும் நகர விதிகளும் அதை ஊக்குவிக்கவில்லை. எனவே மனையின் கடைக்கோடியில், பின்சந்தைப் பார்த்தபடி கேரேஜ் போய் நின்றது. அதன் கதவு அழகாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை. லாயத்துக்கு இருந்த அதே இரட்டைக் கதவுதான்: நீண்ட இரும்புப் பட்டைக் கீல், குறுக்குச் சட்டம், தாழ்ப்பாள்.

அந்த இரட்டைக் கதவு படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. குளிர்காலத்தில் வாசலில் இரண்டடி பனி விழுந்தால் அதை வாரித் தள்ளிய பிறகுதான் கதவைத் திறக்க முடியும். கனமான பலகைக் கதவு சில வருடங்களில் கீலிலிருந்து தொங்கி, முனை தரையில் உரசும். காற்றடித்தால் பாதி வெளியே வந்த காரின் மேல் வந்து மோதும். சிலர் பக்கவாட்டில் தள்ளும் கதவைப் போட்டுப் பார்த்தார்கள்; கதவு ஒதுங்குவதற்கு அதே அளவு சுவர் தேவைப்பட்டது. குறுகிய மனையில் அதற்கும் இடமில்லை.

தீர்வு டெட்ராய்டிலிருந்து வந்தது. சி. ஜி. ஜான்சன் என்பவர் 1921-இல் மேலே ஏறும் கதவைக் கொண்டுவந்தார். கதவைக் கிடைமட்டமாகப் பல பகுதிகளாக வெட்டி, ஒன்றோடொன்று கீலால் இணைத்து, ஓரங்களில் சிறு உருளைகளைப் பொருத்தி, இருபுறமும் வளைந்து ஏறும் இரும்புத் தடத்தில் ஓடவிட்டார். இழுத்தால் கதவு மேலே ஏறி, மடங்கி, கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும். வெளியே பனி எவ்வளவு குவிந்திருந்தாலும் கவலையில்லை. அவர் தொடங்கிய ஓவர்ஹெட் டோர் நிறுவனம் பிறகு இண்டியானா மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு சிட்டி என்னும் சிற்றூரில் தொழிற்சாலை அமைத்து வளர்ந்தது. புதுக் கதவின் சிறிய மாதிரி ஒன்றை மாடல் டி காரின் பின்பக்கத்தில் பொருத்தி, ஊர் ஊராக ஓட்டிச் சென்று வியாபாரிகளைச் சேர்த்ததாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. 1926-இல் மின்மோட்டாரால் திறக்கும் கருவியையும் ஜான்சன் உருவாக்கினார்.

இதன் உள்வேலை நின்று பார்க்கத் தக்கது. இரண்டு கார் நுழையும் கதவு ஒன்று நூறு கிலோவைத் தொடலாம். அதைப் பத்து வயதுப் பிள்ளை ஒரு கையால் தூக்கிவிடுகிறது என்றால் காரணம் வாசலுக்கு மேலே குறுக்காகப் போட்ட தண்டில் சுற்றப்பட்ட ஸ்பிரிங்தான். கதவு இறங்கும்போது அதன் எடையே ஸ்பிரிங்கை முறுக்கேற்றுகிறது. ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, தண்டின் இரு முனைகளிலும் உள்ள உருளைகளில் கம்பிவடத்தைச் சுற்றிக் கதவை இழுத்துக்கொள்கிறது. கதவின் எடையும் ஸ்பிரிங்கின் விசையும் சமமாக இருந்தால், பாதி வழியில் கையை எடுத்தாலும் கதவு அங்கேயே நிற்கும். நன்றாகப் பொருத்தப்பட்ட கதவுக்கு இன்றும் அதுதான் சோதனை. மோட்டார் பெரும் எடை எதையும் தூக்குவதில்லை. சமநிலையில் நிற்கும் கதவை மெல்ல நகர்த்துகிறது, அவ்வளவுதான். முறுக்கேறிய ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை ஆளையே கொல்லக்கூடியது என்பதால், வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்வதில் பெருமை கொள்ளும் அமெரிக்கர்கள்கூட அதை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

ஜான்சனின் கதவு இன்னொரு காரியத்தையும் ஓசையில்லாமல் செய்தது. கதவு திறப்பதற்கென்று வாசலுக்கு முன்னால் இடம் விடவேண்டிய கட்டாயம் போயிற்று. இனி கேரேஜ் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வீட்டோடு ஒட்டியும் நிற்கலாம்.

ஒட்டி நிற்கும் கேரேஜைப் பெரிய கட்டடக்கலைஞர் ஒருவர் முன்பே செய்துபார்த்திருந்தார். ஃபிராங்க் லாய்ட் ரைட் சிகாகோவில் 1910-இல் முடித்த ராபி இல்லத்தில் மூன்று கார்களுக்கு இடம் வைத்து, அதை வீட்டின் உடம்போடு சேர்த்தே கட்டினார். வீட்டுக்காரரான ஃபிரடெரிக் ராபி கார் மோகம் கொண்ட இளைஞர். ஆனால் அந்தக் கேரேஜ்கூடத் தெருவை முறைத்துப் பார்க்கவில்லை. சுற்றுச்சுவருக்குள் முற்றத்தைப் பார்த்து நின்றது. கால் நூற்றாண்டு கழித்து அதே ரைட், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்காகக் கட்டிய சிக்கனமான வீட்டில் கேரேஜையே கைவிட்டார். மேலே கூரை, பக்கத்தில் ஒரு சுவர், கதவே இல்லை. கார் குதிரையல்ல, அதற்கு லாயம் தேவையில்லை என்பது அவர் கட்சி. கார்போர்ட் என்ற அமைப்பைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

பெரும்பாலோர் அவர் வழியில் போகவில்லை. 1934-இல் தோன்றிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், எந்த மாதிரி மனைப்பிரிவுக்குக் கடன் உத்தரவாதம் தரலாம் என்று வழிகாட்டத் தொடங்கியபோது, நேர்கோட்டுத் தெருக்களைவிட வளைந்த தெருக்களையும் முட்டுச் சந்துகளையும் விரும்பியது. போருக்குப் பின் எழுந்த புறநகர்கள் அந்த வழியில்தான் வரையப்பட்டன. வளைந்த தெருவில் பின்சந்து போட இடமில்லை. போட்டால் மனை வீணாகும், பராமரிப்புச் செலவு வேறு. பின்சந்து மறைந்ததும் காருக்கு ஒரே வழிதான் மிஞ்சியது: முன்பக்கம். அமெரிக்கத் தெருவின் தோற்றத்தை மாற்றியதில் எந்தக் கட்டடக்கலைஞரைவிடவும் இந்த ஒரு சிக்கனத்துக்கே அதிகப் பங்கு உண்டு.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947-இலிருந்து 1951 வரை எழுந்த லெவிட்டவுனில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டிய வீடுகளில் கேரேஜ் கிடையாது. கார் வாசலிலேயே நின்றது. சில ஆண்டுகளில் குடும்ப வருமானம் உயர்ந்ததும் மக்கள் கேட்டது கேரேஜ், அதுவும் இரண்டு காருக்கு. கலிஃபோர்னியாவிலிருந்து பரவிய தாழ்ந்து நீண்ட ராஞ்ச் வீட்டில், அகலமான முகப்பின் ஒரு முனையாகக் கேரேஜ் இயல்பாக அமர்ந்துகொண்டது.

கதவின் அழகைப் பற்றி முதன்முதலாக யோசிக்கவேண்டி வந்தது அப்போதுதான். 1950-களின் கதவுகளை இன்று பார்த்தாலும் மனம் மலர்கிறது. தட்டையான பிளைவுட் கதவின் மேல் சாய்சதுரம், அம்புமுனை, ஏறுவரிசைக் கட்டம் என்று மரப் பட்டைகளை ஒட்டி, வெளிர்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். அவற்றுள் தன் வீட்டை அடையாளம் காட்ட ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றுப் பரப்பு அதுதான். அதை அவர்கள் கொண்டாட்டமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஜோசஃப் ஐக்லர் என்ற கட்டுநர் எதிர்த்திசையில் போனார். கட்டடக்கலைஞர்களை அமர்த்தி, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் ஏறத்தாழ 11,000 நவீன வீடுகளை அவர் கட்டினார். ஐக்லர் வீட்டின் கண்ணாடிச் சுவர்கள் தோட்டத்தையும் உள்முற்றத்தையும் நோக்கித் திறந்திருக்கும். தெருவுக்கு அது காட்டுவது செங்குத்துக் கோடு போட்ட மரப்பலகைச் சுவர் மட்டும். அப்படிப்பட்ட வீட்டில் கேரேஜ் கதவு தனியாகத் துருத்தி நின்றால் முழு முகப்பும் கெட்டுவிடும். அதனால் சுவருக்குப் போட்ட அதே பலகையையே கதவுக்கும் போட்டார்கள். மூடியிருக்கும்போது சுவர் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கேரேஜ் கதவுக்குக் கிடைத்த தீர்வுகளில் இதைவிட நேர்த்தியானது வேறொன்று இல்லை. அலங்காரத்தால் வந்த நேர்த்தி அல்ல அது. வீடு முழுவதையும் ஒன்றாகப் பார்த்ததால் வந்தது.

இதற்கு நடுவே, உலகப் புகழ் பெற்ற கேரேஜ் ஒன்று பழைய அமைப்புக்குச் சாட்சியாக நின்றுகொண்டிருந்தது. பாலோ ஆல்ட்டோவில் 367 அடிசன் அவென்யூவில், ஹெச்பி நிறுவனத்தை நிறுவிய வில்லியம் ஹியூலெட்டும் டேவிட் பேக்கர்டும் 1938-39-இல் வேலையைத் தொடங்கிய சிறு கொட்டகை அது. வீட்டுக்குப் பின்னால், நடைவழியின் கோடியில், லாயத்துக் கதவைப் போல வெளியே திறக்கும் இரட்டை மரக் கதவோடு நிற்கிறது. கலிஃபோர்னியா அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. 2005-இல் ஹெச்பி நிறுவனம் அதைப் பழைய கோலத்திலேயே செப்பனிட்டது.

மோட்டாரும் ரிமோட்டும் நடுத்தர வீடுகளுக்குள் பரவியபோது கதவு வேறொரு கணக்கையும் கேட்டது. காரைவிட்டு இறங்காமல் திறந்து மூடும் வசதி, இறங்கும் கதவுக்கடியில் ஓடி விளையாடிய பிள்ளைகளுக்கு எமனானது. 1980-களில் பல குழந்தைகள் இப்படி இறந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் சட்டம் இயற்றியது. 1993-இலிருந்து தயாராகும் ஒவ்வொரு கருவியிலும், குறுக்கே எதுவும் வந்தால் கதவைத் திருப்பி ஏற்றும் ஒளிக்கண்ணோ அதற்கு இணையான பாதுகாப்போ கட்டாயமானது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது இன்னொரு பாடம் கிடைத்தது. வீட்டின் மிகப் பெரிய திறப்பு கேரேஜ்தான். அதன் மெல்லிய கதவு உள்ளே பிய்ந்து விழுந்ததும் காற்று புகுந்து கூரையை உள்ளிருந்தே தூக்கி எறிந்தது. அதன் பிறகு அங்கே கதவுகளுக்குக் காற்றழுத்தச் சோதனை வந்தது. 2017-இல் வடகலிஃபோர்னியாவின் காட்டுத்தீயில் மின்சாரம் போன வீடுகளில் முதியவர்கள் கதவைத் திறக்க முடியாமல் சிக்கினார்கள். 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் விற்கும் கருவிகளுக்கு பேட்டரி கட்டாயம். கண்ணுக்கு அழகான கதவு என்று பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் முதலில் கேட்டுவிட்டு வண்ணத்துக்குப் போவது நல்லது.

1980-களிலும் 90-களிலும் மனை விலை ஏறியது; மனைகள் குறுகின. வீடு மட்டும் பெருத்தது, இரண்டு கார் மூன்றானது. குறுகிய மனையில் அகலக் கேரேஜை வைக்க ஒரே வழி அதை முன்னால் தள்ளுவது. வீட்டுக்கு முன் கேரேஜ் மூக்கு நீட்டி நிற்கும் இந்த வகைக்கு, பன்றி மூஞ்சி வீடு என்ற பொருளில் அமெரிக்கர்களே பெயர் வைத்தார்கள். தெருவில் நடப்பவருக்கு ஜன்னல் இல்லை, தாழ்வாரம் இல்லை, மனித முகம் இல்லை. வரிசையாக மூடிய கதவுகள்தான். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரம் 1999-இல் இதற்குத் தடை போட்டது. தெருவைப் பார்க்கும் முகப்பில் கேரேஜ் பாதிக்கு மேல் போகக்கூடாது; வீட்டுச் சுவரைத் தாண்டி முன்னால் நீளக்கூடாது; மக்கள் நுழையும் வாசல் தெருவிலிருந்து தெரியவேண்டும். ஹாலோவீன் இரவில் மிட்டாய் கேட்டு வரும் குழந்தைக்கு வாசல் எது என்று தெரியவேண்டும் என்பதே அங்கே உரைகல்லாகப் பேசப்பட்டது. வீடு கட்டும் நிறுவனங்கள் எதிர்த்தன. நகரம் பின்வாங்கவில்லை.

அந்த விதி புது வீடுகளுக்குத்தான். ஏற்கெனவே கட்டிய லட்சக்கணக்கான வீடுகளில் கேரேஜை நகர்த்த முடியாது. கதவை மட்டும் ஒரே நாளில் மாற்றலாம். சந்தை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரக் கதவு எஃகுத் தகட்டுக்கு வழிவிட்டது. தகட்டில் மரவரி அச்சிட்டார்கள், நடுவே வெப்பம் தடுக்கும் நுரையை நிரப்பினார்கள், மேல்வரிசையில் கண்ணாடி வைத்தார்கள். இந்த நூற்றாண்டில் மிகவும் விரும்பப்பட்டது கோச் வண்டிக் கொட்டகை பாணி. ஜான்சனின் கதவைப் போலவே மேலே ஏறுவதுதான்; ஆனால் பார்வைக்கு 1910-இன் இரட்டைக் கதவு. நடுவில் பிளவு, குறுக்குச் சட்டம், கறுப்பு இரும்புக் கீல், கைப்பிடி. கீலும் கைப்பிடியும் அலங்காரத்துக்கு மட்டும். எந்தக் கதவைப் பனிக்கும் காற்றுக்கும் அஞ்சி விரட்டினார்களோ அதன் முகத்தை இன்று மிகுந்த விலை கொடுத்து வாங்குகிறார்கள். கைத்தச்சர் செய்த பொருளின் சாயலுக்கு மனிதர் மனத்தில் உள்ள ஏக்கம் அவ்வளவு ஆழமானது.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் வரும் செலவு-மதிப்பு அறிக்கை, வீட்டில் எந்த வேலைக்குப் போட்ட பணம் விற்கும்போது எவ்வளவு திரும்பும் என்று கணிக்கிறது. 2024-இல் கேரேஜ் கதவை மாற்ற ஆன சராசரிச் செலவு 4,513 டாலர். வீட்டின் மதிப்பில் அது கூட்டியதாகக் கணித்தது 8,751 டாலர். அதாவது செலவில் 194 சதவீதம். அதே அறிக்கையில் ஆடம்பரமான முழுச் சமையலறைப் புதுப்பிப்பு திருப்பித் தந்தது 38 சதவீதம்தான். 2025 அறிக்கையில் கதவு 268 சதவீதத்துக்குத் தாவியது.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக்கூடாது. இவை விற்ற வீடுகளின் ரசீதுகளிலிருந்து வந்தவை அல்ல. வீட்டுமனைத் தொழிலில் இருப்பவர்கள் சொன்ன மதிப்பீடுகளிலிருந்து வந்தவை. 2023-இல் இதே கதவு 103 சதவீதம், 2022-இல் 93. கதவு இரண்டே ஆண்டில் இருமடங்கு அழகாகிவிடவில்லை. கேட்கப்பட்டவர்களின் கருத்தும் சந்தையின் சூடும் மாறின. ஆனால் பட்டியலின் உச்சியில் வருடா வருடம் கதவும் முகப்பும் நிற்பதை ஒதுக்க முடியாது. வீடு வாங்க வருகிறவர் தெருவில் காரை நிறுத்தும்போதே பாதி முடிவெடுத்துவிடுகிறார். அப்போது அவர் கண் முன்னால் நிற்பது நெளிந்து, வண்ணம் உதிர்ந்த பதினாறடிக் கதவு என்றால், உள்ளே இருக்கும் பளிங்கு மேடையை நல்ல மனத்தோடு அவர் பார்க்கப்போவதில்லை. கதவையே கவனிக்காத வீட்டுக்காரர் கூரையையும் குழாயையும் கவனித்திருப்பாரா என்ற சந்தேகம் முளைத்துவிடும். சிகாகோவின் பின்சந்துக் கதவுக்கு இந்த மதிப்பு வரவே வராது. அதைப் பார்த்து யாரும் வீட்டை எடைபோடுவதில்லை.

வாழ்கிறவர்களுக்கு அந்தக் கதவு வேறொன்றும் கூட. லாஸ் ஏஞ்சலிஸில் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளை ஆராய்ந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மானுடவியலாளர்கள், நான்கில் மூன்று கேரேஜ்களில் கார் நுழைய இடமில்லாமல் பொருட்கள் குவிந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். ஆனாலும் புறநகர்க் குடும்பங்கள் பல அன்றாடம் வீட்டுக்குள் வருவது அந்த வழியாகத்தான். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் விலக்கல்ல: செருப்பு விடுவது கேரேஜில், அரிசி மூட்டை அடுக்குவது கேரேஜில், விருந்தாளி வரும்போதுதான் முன்கதவு திறக்கும். மாவிலைத் தோரணம் கட்டியிருப்பது அந்த முன்கதவில்.

கதவை மாற்றுகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி எந்தக் கதவு விலை கூடியது என்பதல்ல, எந்தக் கதவு இந்த வீட்டோடு சேரும் என்பதே. கோச் கொட்டகைக் கதவு 1920-களின் செங்கல் வீட்டில் பொருந்தும். ஐக்லர் வீட்டில் அதைப் போட்டால் அந்த முகப்பு சிதைந்துபோகும். பாலோ ஆல்ட்டோ நகரம் 2018-இல் ஐக்லர் குடியிருப்புகளுக்கென்றே வடிவமைப்பு வழிகாட்டி ஒன்றை ஏற்றுக்கொண்டது. அப்பகுதிகளில் புடைத்த கட்டங்கள் கொண்ட வெள்ளை எஃகுக் கதவைக் கழற்றிவிட்டு, செங்குத்துக் கோடு போட்ட தட்டையான பலகைக் கதவை மறுபடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் இருந்த சுவர்ப்பலகையின் அகலத்தையும் கோட்டு இடைவெளியையும் அளந்து, அதே அளவில் பலகை அறுத்துத் தரும் ஆலைகளும் அவர்களுக்குக் கிடைக்கின்றன.